பிறர் சரிதங் கேட்டல்

ஞானம் என்னும் நான்காம் பாதத்திற்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்கு படிகளை நம் சித்தாந்த நூல்கள் வகுத்துள்ளன. அவற்றுள் முதற்படி கேட்டலாதலை அன்பர்கள் அறிவர். கண்ணாற் கற்றலை முதலாக வையாது செவியாற் கேட்டலை முதலாக வைத்தது என்னையெனின், கற்பவன் தான் வேண்டியபோது ஏட்டைத் திறப்பான், வேண்டாதபோது மூடுவான். கேட்பவனோ பிறனொருவன் முன்னிலையில் அமர்ந்து தன் முனைப்பைச் சிறிது அடக்கினாலன்றிக் கேட்டல் இயலாது. அவ்வடக்கமே ஞானத்தின் வாயில் எனக் கருதி ஆசிரியர் அவ்வாறு வைத்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அங்ஙனமாயின், ஞான நூலைக் கேளாது, நம்மைப்போன்ற மானிடனொருவன் தன் வாழ்க்கையைத் தானே கூறும் வரலாற்றைக் கேட்டிருத்தல் எவ்வகைக் கேட்டல்? அது நம்மைப் படியேற்றுவதோ, பொழுதைப் போக்குவதோ? இவ்வினா என்னிடத்து எழுந்தவாற்றையும், அதற்கு யான் கண்ட விடையையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

யான் அண்ணனூரில் வாழ்பவன். தமிழாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் என் கண்ணொளி குன்றத் தொடங்கியது. பொடியெழுத்து நூல்களைப் படித்தல் ஆகாதென மருத்துவர் விலக்கினர். ஏட்டோடு பழகியவனுக்கு ஏடு விலக்குண்டால் நாள் நீளும். அதுகண்ட என் பெயரன், கைபேசியில் ஒலிநூல்கள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்தான். ஒருவர் எழுதிய நூலை மற்றொருவர் வாய்விட்டுப் படிக்க, அக்குரலைப் பதிவுசெய்து, வேண்டுவோர் வேண்டும்போது கேட்குமாறு அமைத்ததே ஒலிநூல். இங்கிலாந்தில் 1935-ஆம் ஆண்டு கண்ணிழந்தோர் பொருட்டு இத்தகைய பேசும் நூல்களை இசைத்தட்டுக்களிற் பதித்து வழங்கத் தொடங்கினர். முதல் உலகப் பெரும்போரிற் பார்வை இழந்த வீரர் பலர் அவற்றாற் பயனெய்தினர். அன்று தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடப் பேச்சே அடங்கிற்று. இன்று பல நூல்கள் ஒரு கைபேசியுள் அடங்குகின்றன. கண்ணுடையாரும் அடுக்களையிலும், ஆவடியினின்று சென்னைக்குச் செல்லும் மின்சார இரயிலிலும் அவற்றைக் கேட்டுச் செல்கின்றனர்.

என் பெயரன் சேர்த்தவற்றுள் தன்வரலாறுகளே மிகுதி. யான் முதலில் எடுத்தது மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திரம்.’ 1855-ஆம் ஆண்டு உத்தமதானபுரத்திற் பிறந்த அப்பெரியார், தம் எண்பத்தைந்தாம் அகவையை அணுகிய காலத்து, 1940-ஆம் ஆண்டு முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் வாரந்தோறும் வெளியிட்டு வந்தது அந்நூல். 1942 ஏப்ரல் 28-இல் அவர் மறைந்தபோது வரலாறு முற்றுப்பெறாது நின்றது. 1950-ஆம் ஆண்டு அது நூலாயிற்று. இளமையில் இருமுறை அதனைக் கண்ணாற் படித்திருக்கின்றேன். செவியாற் கேட்டது இதுவே முதன்முறை.

கேட்டல் என்பது நம்மனோர்க்குப் புதிதன்று. கோயில் மண்டபத்தில் ஒருவர் புராணம் படிக்க, ஒருவர் பொருள் கூற, ஊரார் செவிமடுத்தல் பண்டைய வழக்கு. அண்ணனூரினின்று தொலைவிலல்லாத குன்றத்தூரிலே தோன்றிய சேக்கிழார் பெருமான் இவ்வழக்கின் சிகரமாவார். அநபாய சோழன் சீவக சிந்தாமணிச் சுவையில் ஈடுபட்டிருந்ததையும், அமைச்சராகிய சேக்கிழார் அவனைத் திருத்தொண்டர் வரலாற்றின்பாற் செலுத்தியதையும், தில்லையில் ஆயிரக்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு அப்புராணம் விரித்துரைக்கப்பெற்றதையும் உமாபதிசிவம் இயற்றியதாக வழங்கும் சேக்கிழார் புராணத்தால் அறிகின்றோம். ஓர் அரசன் ஓராண்டு அமர்ந்து கேட்டவை யாவை? குயவர், வேடர், வண்ணார், வணிகர், மன்னர் எனப் பல நிலையினராகிய மக்கள் வாழ்ந்த வாழ்க்கைகளே. எனவே, பிறர் சரிதங் கேட்டல் சைவத்திற்குப் புறம்பென்பார் கூற்று நில்லாது.

அற்றேல், ஓர் ஐயம் நிகழும். திருத்தொண்டர் தம் பெருமையைத் தாம் கூறிற்றிலர், சேக்கிழார் கூறினார். தன் வரலாற்றைத் தானே எழுதுபவன் ‘யான்’, ‘எனது’ என்னும் சொற்களைப் பக்கந்தோறும் வழங்குவான். யான் எனது என்னும் பற்றை அறுத்தலே வீட்டு நெறியாக, அதனை வளர்க்கும் நூலைக் கேட்பது ஆணவத்திற்கு எருவிடுதல் ஆகாதோ எனின், கூறுதும்.

‘நான்’ என்னும் சொல் ஒன்றாயினும் அது நிற்கும் நிலை இரண்டு. தன்னை உயர்த்தற்கு நிற்பது ஒன்று. தன் குற்றத்தைத் தன்மேல் ஏற்றற்கு நிற்பது மற்றொன்று. இதனை விளக்கச் சேய்மைக்குச் செல்ல வேண்டுவதில்லை. அண்ணனூருக்கு அடுத்த புகைவண்டி நிலையம் திருமுல்லைவாயில். சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் மகிழின்கீழ் ஆணையிட்ட நம்பியாரூரர், அவ்வாணை பிழைத்து ஊரெல்லை கடந்தபோது இருகண்ணும் இழந்தார். அந்நிலையில் அவர் வந்து பாடிய பதி இத் திருமுல்லைவாயில். அப்பதிகத்தில் அவர் சங்கிலியார் பொருட்டுத் தம் கண் போனதனை மறையாது சொல்லி இறைவனிடம் முறையிடுகின்றார். இதுவும் தன்வரலாறே. ஆயின், ஆண்டு ‘நான்’ தலைகுனிந்து நிற்கின்றது. திருநாவுக்கரசு நாயனாரும் தாம் புறச்சமயஞ் சார்ந்து கழித்த காலத்தைப் பாடல்தோறும் நினைந்து இரங்குவர். மேலைநாட்டிலும் ஆகஸ்தீன் என்னும் கிறித்தவப் பெரியார் கி. பி. 400-ஐ ஒட்டி எழுதிய தம் வாழ்க்கை அறிக்கையை மக்களை விளித்து எழுதாது இறைவனை விளித்தே எழுதினார். இறைவன் முன்னிலையிற் சொல்லும் சரிதத்தில் தற்புகழ்ச்சி நுழைதல் அரிது.

ஐயரவர்கள் நூலையும் இவ்வுரைகல்லில் வைத்துப் பார்த்தேன். 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரைத் தாம் கண்டதனை அவர் கூறுமிடம் ஒன்று உண்டு. தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அவர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றால் வியப்படையாது, சிந்தாமணி முதலிய பழநூல்களைப் படித்ததுண்டோ என்று வினவினார். அவற்றைத் தாம் அறியாமையை ஐயரவர்கள் ஒளித்திலர். அந்நாள் தமக்கு நேர்ந்த தலைக்குனிவை அறுபது ஆண்டு கழித்து உலகறிய எழுதினார். அத் தலைக்குனிவே 1887-இற் சீவக சிந்தாமணிப் பதிப்பாய்க் கனிந்தது. அநபாயன் பொழுதுபோக்கிய நூல் எதுவோ அதுவே ஐயரவர்கட்குத் தவமாயிற்று. ஆதலின், பயன் நூலளவில் நின்றுவிடுவதன்று. அணுகுவோன் நிலையைப் பற்றியது என்பதும் இதனாற் பெறப்படும்.

இனி, கண்ணாற் படித்தற்கும் செவியாற் கேட்டற்கும் உள்ள வேறுபாடு யாது? படிக்கும்போது ‘நான்’ என்னும் எழுத்தைக் காண்கின்றோம். அது எழுதியவனது ‘நான்’ என்னும் உணர்வு நீங்காதிருக்கும். கேட்கும்போது, எழுதியவரும் மறைந்தார், ஏடும் மறைந்தது. யாரோ ஒருவர் குரல் நம் செவியினுள் ‘நான்’ என்கின்றது. அக்குரல் ஐயரவர்களுடையதன்று, எனதுமன்று. ஆயினும் சிறிது பொழுதில் உள்ளம் அதனோடு ஒன்றி, உத்தமதானபுரத்துச் சிறுவனாய்த் தானே நடக்கின்றது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென நம் ஆசிரியர் உரைத்த உண்மை இங்கே கண்கூடாம். செம்மலரின் அருகிருந்த படிகம் செம்மையுறும். கருங்குவளையின் அருகிருந்தால் கருமையுறும்.

இதில் நன்மையும் உண்டு, தீங்கும் உண்டு. நன்மையாவது, நம் சிறு வட்டத்தை விட்டுப் பிறிதோர் உயிரின் துன்பத்துள் நுழைந்து இரங்குதல். தீங்காவது, அவ்விரக்கத்தையே ஓர் இன்பமாக நுகர்ந்து, நுகர்ந்தவுடன் அடுத்த சரிதத்திற்குத் தாவுதல். படிகத்தின்மேற் படிந்த நிறம் மலர் நீங்கியவுடன் நீங்கும். நாளொன்றுக்கு ஒருவர் வாழ்க்கையைச் செவியில் வாங்கி, மாலையில் ஒன்றும் நில்லாதிருப்பவன் நூறு சரிதங் கேட்டும் கேளாதவனே. கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கு இமையில்லை. கை வேறு தொழிலில் இருக்கவும் செவி வாங்கிக்கொண்டேயிருக்கும். வாங்கியதனைத்தையும் கேட்டதாக எண்ணி மயங்குதல் எளிது.

இம்மயக்கம் என்பால் நிகழ்ந்ததனை மறையாது கூறுதல் இக்கட்டுரைக்கு வேண்டுவதாயிற்று. பிறர் தம் குற்றம் கூறியதைப் புகழ்ந்துவிட்டு யான் என் குற்றத்தை ஒளித்தல் முறையன்றே.

ஒலிநூற் கருவியிற் குரலை ஒன்றரை மடங்கு விரைவாக ஓட்டுதற்கு ஒரு வழியுண்டு. காலையிற் பூசைக்கு மலர் கொய்யும்போது அவ்வாறு விரைவித்துக் கேட்டு வந்தேன். நூலை விரைவில் முடித்தேன் என்று பெயரனிடம் சொல்லும் ஆசையன்றி அதற்கு வேறு காரணம் இல்லை. அவ்வாறு ஒருநாள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் இறுதிநாட் பகுதி வந்தது. 1876 பிப்ரவரி 1-ஆம் நாள் திருவாவடுதுறையில் அப்பெரும்புலவர் இறுதிநிலையிலிருந்தார். மாணாக்கரான சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொண்டிருக்க, ஆசிரியர் விருப்பப்படி இளைஞராகிய ஐயரவர்கள் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படிக்கின்றார். ஆசிரியர் கேட்டுக்கொண்டே உயிர்நீங்குகின்றார். கிறித்தவர் ஒருவர் தாங்க, அந்தணர் ஒருவர் படிக்க, வேளாளர் ஒருவர் கேட்க, அங்கே நின்றது ஆசிரியர் மாணாக்கர் என்னும் உறவு ஒன்றே. வாழ்நாள் முழுதும் பாடஞ் சொன்ன வாய் ஓய்ந்தது. இறுதியில் எஞ்சியது செவி.

அப்பகுதி ஒன்றரை மடங்கு விரைவில் என் காதில் ஓடிற்று. ஓடி முடிந்து அடுத்த அத்தியாயம் தொடங்கிய பின்னரே யான் கேட்டது இன்னதென்று உணர்ந்தேன். கருவியை நிறுத்தினேன். கூடையோடு திண்ணையில் அமர்ந்துவிட்டேன்.

யான் காவிரிக்கரையில் ஓர் ஆதீனத்துக் கல்லூரியிற் பயின்றவன். எனக்குத் திருவாசகம் பாடஞ் சொன்ன ஆசிரியர் நோயுற்றுத் தம் ஊரிற் கிடந்தபோது, ‘ஒருமுறை வந்து திருவாசகம் படித்துவிட்டுப் போ’ என்று அஞ்சலட்டை எழுதியிருந்தார். யான் அப்பொழுது இளைய ஆசிரியன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தேன். அடுத்த வாரம் செல்லலாம் என்றிருந்தேன்; விடை எழுதவும் இல்லை. பதினொரு நாளில் அவர் மறைந்த செய்தி வந்தது. ‘விடுப்புக் கிடைக்கவில்லை’ என்று அன்று முதல் பலரிடம் சொல்லி வந்தேன். வகுப்பிற் குருபக்தியைப் பற்றிப் பேசும்போதும் அவ்வாறே சொன்னேன். கேட்டவர் எனக்காக இரங்கினர். நாற்பது ஆண்டு சொல்லிச் சொல்லி அதுவே எனக்கும் உண்மையாய்விட்டது. யான் விடுப்புக் கேட்கவேயில்லை என்பது திண்ணையில் அமர்ந்த அக்கணத்தேதான் மீண்டும் நினைவிற்கு வந்தது.

ஈண்டு ஒன்று தெளிவாயிற்று. தன்வரலாற்றை எழுதுவோர் சிலர். தமக்குள்ளே சொல்லிக்கொள்ளாதார் ஒருவரும் இலர். எழுதப்படாத அச்சரிதத்தில் நாம் என்றும் பிழையற்றவராகவே வருகின்றோம். ஆணவ மலம் பொருளை மறைப்பதோடு தான் மறைத்தலையும் தோன்றாமற் செய்யும் என்று ஆசிரியர் கூறியது இதனையும் தழுவும். அம்மறைப்பு, உண்மையாகச் சொல்லப்பட்ட மற்றொருவர் சரிதம் செவியிற் படும்போது ஓரோர்காற் கிழிகின்றது. பிறனுடைய ‘நான்’ நம் ‘நான்’ அருகே வந்து நிற்க, நம்முடையதன் பொய்ம்மை வெளிப்படுகின்றது.

அன்று மாலை என் ஆசிரியரின் மகளாரோடு கைபேசியிற் பேசினேன். பிள்ளைப் பருவமுதல் அவர் என்னை அண்ணா என்று அழைப்பவர். “அம்மா, அன்று நான் விடுப்புக் கேட்கவில்லை, கேட்டதாகப் பொய் சொன்னேன்” என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசிற்றிலர். பின்னர், “உங்களிடமிருந்து பதில் வருமென்று அப்பா இரண்டு மூன்று நாள் கேட்டார்கள், அண்ணா. அதன்பின் கேட்கவில்லை. என்னையே படிக்கச் சொன்னார்கள். எனக்குச் சீர் பிரிக்கத் தெரியாது. தப்புந் தவறுமாகப் படித்தேன். அப்பா ஓரிடத்திலும் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள்” என்றார்.

ஓரெழுத்துப் பிழைத்தாலும் பாட்டைத் தொடக்கத்திலிருந்து சொல்விக்கும் ஆசிரியர் அவர். அவர் திருத்தாது கேட்டார் என்பதனை யான் இன்றளவும் சிந்தித்து வருகின்றேன். பிழையறப் படிக்க வல்லவன் வந்திலன். பிழைபடப் படித்தவள் உடனிருந்தாள். அவர் கேட்டது எதனை என்பது அவர்க்கும் இறைவற்குமே வெளிச்சம்.

இதனைக் கொண்டு முதல் வினாவிற்கு விடை கூறுவேன். தன்வரலாறு ஞான நூலாகாது. அதனைக் கேட்டல் ஞானபாதத்துக் கேட்டலும் ஆகாது. குருவினிடத்து ஞானநூற் பொருளைக் கேட்டலே அச்சொல்லுக்கு உரிய பொருள். ஆயினும், நிலம் உழாதவிடத்து வித்து ஊன்றாது. உண்மை மனிதர் தம் பிழையையும் இழப்பையும் மறையாது கூறக் கேட்டல் அந்நிலத்தை உழுதலாம். கேட்டது நம்மேல் திரும்பி, ‘நீ யார்? உன் சரிதம் யாது?’ என்று வினவுமாயின் அது சிந்தித்தலுக்கு வழிவிட்டது. வினவாதாயின், எத்துணை இனிய குரலாயினும் அது காற்றின் அசைவே.

இன்னுமொன்று. இறைவன் உயிர்க்குக் காட்டும் உபகாரமே அன்றி, உடனின்று காணும் உபகாரமும் செய்வன் என்பது சித்தாந்தத் துணிபு. கண் காணும்போது உயிரோடு உடனின்று காண்பவன், செவி கேட்கும்போதும் உடனின்று அறிவன் அன்றோ? காதிற் சிறு கருவியைச் செருகிக்கொண்டு, உலகம் அறியாமல் யாம் தனியே கேட்கின்றோம் என்று எண்ணுகின்றோம். அத்தனிமை உண்மையன்று. ஒருவர் தம் தாயின் சாவைச் சொல்ல, ஒருத்தி தன் சிறைவாழ்வைச் சொல்ல, யாம் அதனை விரைவித்தும் இடைவிட்டும் கேட்குங்கால், நம்மோடு ஒருவன் அதனை முழுதுங் கேட்டிருக்கின்றான். இந்நினைவு ஒன்றிருந்தால் கேட்கும் முறை தானே திருந்தும்.

ஒலிநூலை யான் பழிக்கின்றேன் என்று அன்பர்கள் கருதல் வேண்டா. பூவிருந்தவல்லிக்கு அணித்தான துள்ளத்தில் 1883-இற் பிறந்த திரு. வி. கலியாணசுந்தரனார், 1944-இல் தம் வாழ்க்கைக் குறிப்புக்களை வெளியிட்டார்; பின்னர்க் கண்ணொளி இழந்த நிலையிலும் வாயாற் சொல்லிப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். எழுத்து, குரலிற் பிறந்து எழுத்தாகி, மீண்டும் குரலாகிக் கண்ணில்லாதாரைச் சேர்தல் திருவருட் செயலே. என் போன்றார்க்கு அது பெருந்துணை. யான் வேண்டுவது, ஒரு நாளில் ஓர் அத்தியாயத்தோடு நிறுத்தி, கேட்ட அளவுக்கேனும் பேசாதிருந்து எண்ணுதல். மனப்பாட நூல்களை நம் முன்னோர் அசைபோட்டவாறே இதனையும் அசைபோடுதல்.

யான் இப்பொழுது குரலை அதன் இயல்பான நடையிலேயே ஓடவிடுகின்றேன். மலர் கொய்யும்போது கேட்பதில்லை. சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் தெருவிற் படுக்கையிலிருக்கும் முதியவர் ஒருவர் அருகமர்ந்து, மனத்தில் நிற்கும் அளவிற்குத் திருவாசகம் ஓதி வருகின்றேன். நினைவு தப்புமிடத்து அவர் எனக்கு எடுத்துக் கொடுப்பதும் உண்டு. இதனால் பழைய கடன் தீர்ந்ததென்று சொல்லேன். கேட்க வேண்டியவர் இப்போது இல்லை. ஆயினும், ‘விடுப்புக் கிடைக்கவில்லை’ என்று இனி ஒருவரிடமும் சொல்லேன். ஐயரவர்கள் சரிதத்தைக் கேட்டதனால் என் சரிதத்தில் ஒரு வரி திருந்திற்று. கேட்டதன் பயன் எனக்கு இவ்வளவே.

திருச்சிற்றம்பலம்.